மூன்று பாடசாலைகளும் ஒரு நுளம்புத்திரிப் பெட்டியும்

உங்களுக்கு முதலில் வரும் வேலை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பணிப்பாளர் கூப்பிட்டு, "இந்த மூன்று பாடசாலைகளையும் ஒருக்காப் பார்த்து, எது எப்படி என்று எழுதித் தாங்க" என்பார். கேட்கும்போது சின்ன வேலையாகத் தெரியும். ஆசிரிய ஆலோசகராக நியமனம் கிடைத்த புதுசில் எல்லா வேலையும் சின்ன வேலையாகத்தான் தெரியும். நீங்களும் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுப்பீர்கள். ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ விசாரணைகளுக்குப் போயிருக்கிறேன், இடமாற்றத்துக்காக அழுதவர்களையும் மேசையில் அடித்துச் சத்தம் போட்டவர்களையும் சமாளித்திருக்கிறேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒப்பிடும் வேலைதான்.

நம் கரையோரத்துச் சனங்களிடம் பாடசாலைகளை ஒப்பிடுவதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த கையோடு சந்தியில் பனர் கட்டுவார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் அதிபரின் படம், சில நேரம் பிள்ளைகளுடையதைவிடப் பெரிதாக. எந்தப் பனரில் முகங்கள் அதிகமாக இருக்கின்றனவோ அது நல்ல பாடசாலை. மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்காத சனம், பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டும் பனரை அண்ணாந்து பார்த்து முடிவெடுத்துவிடும். இதைச் சொன்னால் என்னோடு கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

நான் சொல்லப்போகும் ஊரின் பெயர் உங்களுக்கு வேண்டாம். நம் ஊர்களைப் போல் ஒன்று. நடுவால் பெரிய வீதி போகிறது. வீதிக்கு மேற்கே, பனருக்குப் பேர்போன பெரிய பாடசாலை. சந்தைக்குப் பின்னால் இன்னொன்று, நல்லதென்றும் சொல்லமுடியாது, கூடாததென்றும் சொல்லமுடியாது. வீதிக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்ட மூன்றாவது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடிக் கட்டடம் அங்கே இருந்தது. கட்டடம் இருந்தளவுக்குப் பிள்ளைகள் இல்லை. தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே போனார்கள். அதை நான் கடற்கரைப் பாடசாலை என்றே சொல்கிறேன்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடமிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கடற்கரைப் பாடசாலையில் அடுத்த வருடம் தரம் ஒன்று திறக்கவேண்டாம், இருக்கிற பிள்ளைகளையும் பெரிய பாடசாலையோடு சேர்த்துவிடுங்கள், ஊருக்கு ஒரு நல்ல பாடசாலை போதும் என்பது அதன் சாரம். எழுதியவர் சபையின் செயலாளர் றியாஸ். வங்கியில் வேலை. கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று உண்மையிலேயே ஓடித் திரிந்தவர். நம் வேலையில் கெட்டவர்களைச் சமாளிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நல்லது செய்யப் புறப்பட்டவர்களிடம்தான் நாம் மாட்டிக்கொள்வோம்.

நான் மூன்று பாடசாலைகளுக்கும் போனேன். மூன்றாம் தரப் பிள்ளைகளிடம் தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லா அதிகாரிகளும் செய்வது அதுதான். பெரிய பாடசாலையில் வகுப்பு நிறையப் பிள்ளைகள், நெருங்கி உட்கார்ந்திருந்த வாங்குகளுக்குள்ளால் கடைசி வாங்குக்குப் போக வழியில்லை. எழுப்பிய பிள்ளையெல்லாம் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தது. சந்தைப் பாடசாலையில் பாதிப் பேர் வாசித்தார்கள். கடற்கரைப் பாடசாலையில் ஒரு டீச்சர், அவரைச் சுற்றி இருபதுக்கும் குறைவான பிள்ளைகள். ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தி வாசித்தார்கள். ஒரு பந்தி முடிவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. றியாஸின் கடிதம்தான் சரி என்று மனதுக்குள் பாதி முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் றியாஸே நின்றார்.

"மெடம், எல்லா இஸ்கூலையும் பார்த்திட்டீங்க. இனி எங்கட வளவுக்கும் ஒருக்கா வாங்க. நான் எழுதினது மெய்யா பொய்யா எண்டு உங்கட கண்ணாலயே பார்க்கலாம்" என்றார்.

வளவு பக்கத்தில்தான் இருந்தது. நம் வழமைப்படி றியாஸின் மாமியாருடைய காணியை அவருடைய மூன்று பெண்பிள்ளைகளுக்கும் பிரித்து, ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீதி வாசலில் மூன்று வீட்டுக்கும் ஒரே படலை, ஒரே கிணறு. மாப்பிள்ளைமார் மூவரும் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். மூத்தவளின் புருஷன் ஆழ்கடல் படகில் போகிறவர், அன்றைக்கும் கடலில் இருந்தார். அவர்களுடைய மகன் நுஸ்ரி கடற்கரைப் பாடசாலையில் மூன்றாம் தரம். இரண்டாவது பெண் ஜெஸீமாதான் றியாஸின் மனைவி. அவர்களுடைய மூத்த மகள் ஹனாவும் மூன்றாம் தரம், ஆனால் பெரிய பாடசாலையில். காலையில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் வீதியைக் கடந்து போய் வருவாள். ஹனாவுக்கு ஒரு தங்கச்சி. அடுத்த வருடம் தரம் ஒன்றுக்குப் போகவேண்டியவள்.

"பாருங்க மெடம்" என்றார் றியாஸ். "ஒரே வளவு, ஒரே வயசு, ஒரே சட்டிச் சோறு. ரெண்டு புள்ளையும் ரெண்டு இஸ்கூல். இதைவிட நேர்மையா ஒப்பிட ஏலுமா? ரெண்டு பேரையும் வாசிக்கச் செல்லுங்க. நீங்களே முடிவெடுங்க."

உண்மையில் நல்ல யோசனை. எனக்கே தோன்றாமல் போய்விட்டதே என்றுகூட நினைத்தேன். விறாந்தையில் கதிரை போட்டார்கள், பிளேன்ரீ வந்தது. நுஸ்ரி முதலில் வாசித்தான். விரலை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, ஒரு சொல்லில் தடக்கி, திரும்பவும் அதே சொல்லுக்கு வந்து வாசித்தான்.

"விரல் வெச்சுத் தடவுறான், பார்த்தீங்களா?" என்று றியாஸ் சிரித்தார். பெரிய கேலி இல்லை, மனைவியின் அக்கா மகனைச் சீண்டுகிற சிரிப்புத்தான். நுஸ்ரியின் தாய் முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

பிறகு ஹனா வந்தாள். புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் வைக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள். நல்ல குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வரும் இடத்தில் குரலை உயர்த்தி, கேட்கவே ஆசையாக இருந்தது. அப்போது கடற்பக்கமிருந்து காற்று வந்து புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிட்டது. ஹனா வாசித்துக்கொண்டே போனாள். புரண்ட பக்கத்தில் இருந்தது வேறு பாடம், வேறு படம். அவள் சொல்லிக்கொண்டிருந்தது பழைய பக்கம். ஒரு சொல் பிசகவில்லை.

இரண்டு வரி கழித்து அவளுக்கே விளங்கியது. கையால் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். வாய் நிற்கவில்லை. கண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் கண்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. றியாஸ் மகளின் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெருமையோடு.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் ஒரு தகப்பன், பக்கத்தில் ஹனாவின் பெரியும்மா, சாச்சி, அவர்களின் பிள்ளைகள், படலையில் எட்டிப் பார்க்கும் அயலவர்கள். நான் புத்தகத்தை வாங்கி மூடினேன். "நல்ல ஞாபகசக்தி, மகள், உங்களுக்கு" என்று மட்டும் ஹனாவிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. றியாஸுக்கு அது வெற்றியாகக் கேட்டிருக்கும்.

நம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறார்கள். ஓதித் தருவதைக் காதால் வாங்கி, ஓசை பிசகாமல் மனதில் ஏற்றப் பழகிவிடுகிறார்கள். அது பெரிய கொடை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கொடையை வைத்துக்கொண்டு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை தமிழ் எழுத்துத் தெரியாமலே மூன்றாம் தரம்வரை வந்துவிடலாம். கூட்டமான வகுப்பில் முன் வாங்குப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டாலே போதும். நம் ஊர்களில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. ஓதுவதைக் கேட்டுப் பழகிய தாய் தகப்பனுக்கு வாசிப்பும் அதே மாதிரிக் கேட்கும், சந்தேகமே வராது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது ஜெஸீமா படலைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டீச்சர், பக்கம் புரண்டதக் கண்டீங்கதானே."

"கண்டன்."

"அவருக்குத் தெரியா. பாடத்த நான்தான் வாசிச்சுக் குடுக்கிற. ரெண்டு தரம் செல்லிக் குடுத்தா அப்படியே புடிச்சிருவா. முதல்ல எனக்கே விளங்கல்ல. பொறகு ஒருநாள் கடையில தந்த பில்லுத் துண்ட நீட்டி வாசி எண்டன். முழிச்சிட்டு நிண்டா."

"வகுப்பு டீச்சரிட்டக் கதைக்கல்லியா?"

"அவ பாவம், அவ்வளவு புள்ளையளையும் வெச்சிட்டு என்ன செய்யிற? எழுப்பிக் கேட்டா ஹனா சளசளவெண்டு செல்லுவா. நல்லாப் படிக்கிற புள்ளை எண்டுதான் டீச்சரும் நினைச்சிரிக்கா."

"அப்ப றியாஸிட்டச் செல்லவேணும்."

ஜெஸீமா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஊரெல்லாம் அவர் கதைக்கிறதே இந்தப் புள்ளையப் பத்தித்தான். நான் என்னண்டு செல்லுற? செல்லினா அவ வாப்பாட முகத்த நிமிர்ந்து பார்க்கமாட்டா." பிறகு, "நான் கடக்கரை இஸ்கூல்லதான் படிச்ச. ராத்தாவும் தங்கச்சியும் அங்கதான். ஹனாவ அங்க கொண்டு போனா, அங்கத்த டீச்சர் பக்கத்தில இருத்தி ஆனா ஆவன்னாவில இருந்து தொடங்குவா. எப்படியும் இவர ஒருநாளைக்கு வழிக்குக் கொண்டு வரலாம் எண்டு இரிக்கன். அதுக்குள்ள அதையும் மூடிட்டா நான் புள்ளைய எங்க கொண்டு போற?" என்றார்.

வீதிக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. றியாஸோடு கோபமா, அந்தக் கூட்டமான வகுப்போடு கோபமா, புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லித் திரிகிற எங்கள் எல்லோரோடும் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பார்த்த பார்வை மட்டும் கூடவே வந்தது.

யோசித்துப் பாருங்கள், என் கையில் இப்போது ஒரு உண்மை இருந்தது. அதைச் சபையில் எடுத்துப் போட்டால் அந்தக் கடிதம் அன்றைக்கே செல்லாக்காசு. செயலாளர் தன் வாயாலேயே, "இதைவிட நேர்மையான ஒப்பீடு இல்லை" என்று சொன்ன ஒப்பீடு அது. கடற்கரைப் பாடசாலை பிழைத்துவிடும். ஆனால் அடுத்த நாள் ஹனா வகுப்புக்குப் போகும்போது செயலாளரின் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். நம் ஊர்களில் கதை ஓட்டோவைவிட வேகமாகப் போகும். பாடசாலையைக் காப்பாற்றி, அதற்குள் வரவேண்டிய பிள்ளையைக் கூனிக் குறுக வைத்தால் நான் செய்தது என்ன வேலை?

எதையும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய், இராத்திரி நுளம்பு கடிக்காமல் கொளுத்திவைக்கும் நுளம்புத்திரியின் வெறும் பெட்டி ஒன்றையும் சவர்க்கார உறை இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் புருஷன், "ரிடயராக இன்னும் காலம் கிடக்கு, அதுக்குள்ள கடை போடப்போறியா?" என்று கேட்டார். மூன்று பாடசாலைகளுக்கும் திரும்பப் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே விறாந்தைக்குக் கூப்பிட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருப்பதைக் காட்டி வாசிக்கச் சொன்னேன்.

பெரிய பாடசாலையில் முன் வாங்குகளில் இருந்த பிள்ளைகள் வாசித்தார்கள். டியூசனுக்குப் போகிறவர்கள், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் உள்ளவர்கள். பின் வாங்குகளிலிருந்து வந்தவர்களில் பலர் பெட்டியைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் யானையைப் பற்றி வரும் பாடத்தை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் தலையைத் தடவி அனுப்பினேன். ஹனாவை மட்டும் நான் கூப்பிடவில்லை.

சந்தைப் பாடசாலையில் முன்னைப் போலவே பாதிக்குப் பாதி. கடற்கரைப் பாடசாலையில் அதே விரல், அதே தடக்கல், அதே மெதுவு. ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். நுஸ்ரி "சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று வியர்க்க வியர்க்க வாசித்து முடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப ஏன் மெடம் எங்கட கையில தந்தீங்க?" என்று கேட்டான். அந்த வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அங்கேயும் வாசிக்க ஏலாத பிள்ளைகள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கணிதம் மோசமாக இருந்தது. ஐந்தாம் தரத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆசிரியர் இல்லை. சந்தியில் பனர் கட்டும் அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

இதற்குள் பணிப்பாளரின் பொறுமையும் முடிந்துவிட்டது. "மெடம், சபைத் தலைவர் ஹாஜியார் போனுக்கு மேல போன் எடுக்கிறார். செயலாளரோட வீட்டிலயே ரெண்டு பிள்ளைகளையும் வாசிக்க வெச்சுப் பார்த்தீங்களாம், எல்லாம் வெளிச்சமாம். பிறகு என்ன சுணக்கம்? பின்னேரம் சபை கூடுது. போய்க் கதைச்சு முடிச்சிட்டு வாங்க. எனக்கு ஒரு பக்கம் போதும். மூடலாம், இல்லாட்டி மூடேலா" என்றார். அவரையும் குறை சொல்லமாட்டேன். மேலிடத்துக்கு அவர் ஒரு பக்கம்தான் கொடுக்கலாம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் கூட்டம். அத்தனை பேரும் ஆண்கள். கதவுக்குப் பக்கத்தில் எனக்குத் தனியாக ஒரு கதிரை. சபைத் தலைவர் நெல் ஆலை வைத்திருந்த ஹாஜியார். மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"மெடம், நாங்க ஆருக்கும் விரோதமில்ல. அந்த இஸ்கூல்ல எந்தக் காலத்திலயும் படிப்பு இருந்தயில்ல. நாங்க கண்டதச் செல்லுறம்."

"ஹாஜியார் அங்கயா படிச்ச?"

"நானா? இல்ல, நான் நிந்தவூர்."

பக்கத்திலிருந்தவரைப் பார்த்தேன். அவர் மருதமுனை. அடுத்தவர் சம்மாந்துறை. இன்னொருவர் இதே ஊர்தான், ஆனால் வீதிக்கு மேற்கே பிறந்தவர், பெரிய பாடசாலையில் படித்தவர். கடைசி வரிசைவரை கேட்டேன். கடற்கரைப் பாடசாலையில் ஒருநாளாவது வாங்கில் இருந்தவர் ஒருவரும் இல்லை.

"நாங்கெல்லாம் மாப்பிள்ளையா வந்தாக்கள் மெடம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப அங்க படிச்சாக்கள் ஆரு?"

"அவங்க வீட்டில இரிக்காங்க."

"இந்தக் கடிதம் எழுத முதல் அவங்களிட்டக் கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார். மனைவிமாரின் தாய்வழி வளவுகளில் குடியிருந்துகொண்டு, அந்தப் பெண்கள் படித்த பாடசாலையைப் பற்றி, அதைக் காணாத மருமகன்மார் கூடித் தீர்மானம் எடுத்திருந்தார்கள். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. என் புருஷனும் என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர்தான். எனக்கே அந்த மண்டபத்தில் வைத்துத்தான் அது கண்ணில் பட்டது.

அப்போது றியாஸ் எழும்பினார். அவர் எழும்புவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன்.

"பொம்பளையளிட்டக் கேக்கிறதெல்லாம் பொறகு பார்ப்பம். மெடம் எங்கட வளவுக்கே வந்து பார்த்த. என்ட மகளும் வாசிச்ச, மச்சிட மகனும் வாசிச்ச. ரெண்டையும் கேட்டது மெடம்தான். எந்தப் புள்ளை வாசிச்ச எண்டு சபையில செல்லட்டும். நான் அதுக்கு மேல ஒரு சொல் கதைக்கமாட்டன்."

"மெய்யா மெடம்?" என்றார் ஹாஜியார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். றியாஸின் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கு முன்னால் தன் மகளை ஏணியில் ஏற்றிவிட்டு நிற்கிற தகப்பனின் முகம்.

"ஹாஜியார், நான் ஒரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்ச. அந்தப் புள்ளையளப் பத்தி இந்தச் சபையில ஒண்டும் செல்லமாட்டன். புள்ளைய சாட்சியா வெச்சுப் பாடசாலைய ஒப்பிடுறதும் இல்ல" என்றேன். பிறகு கைப்பையிலிருந்து நுளம்புத்திரிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். "மூணு இஸ்கூல்லயும் நான் செய்தத மட்டும் செல்லுறன். பாடப்புத்தகத்த மூடி வெச்சிட்டு இதக் குடுத்து வாசிக்கச் சென்னன். மூணுலயும் வாசிக்க ஏலாத புள்ளையள் இரிக்காங்க. பெரிய இஸ்கூல்லதான் கூடப் பேர். அவங்க மக்குப் புள்ளையள் இல்ல, நல்ல கெட்டிக்காரப் புள்ளையள். கேட்டுக் கேட்டே பாடத்த முழுசா மனப்பாடமாக்கி வெச்சிரிக்காங்க. அவ்வளவு கூட்டத்தில ஆருக்கும் அது விளங்கல்ல. கடக்கரை இஸ்கூல்ல கூட்டம் இல்ல, அதால விளங்கும். அதுதான் வித்தியாசம்."

நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தேன். "இண்டைக்கு ஒரு முடிவும் எடுக்கவேணாம். வீட்டுக்குப் போய் உங்கட புள்ளையிட்ட, பேரப்புள்ளையிட்ட, கோதும மாப் பக்கெட்டோ சவர்க்கார உறையோ ஏதாவதொண்டக் குடுத்து வாசிக்கச் செல்லிப் பாருங்க. வாசிச்சா அல்ஹம்துலில்லாஹ். வாசிக்கேலாட்டி ஏசாதீங்க. உங்கட புள்ளை தனிய இல்ல, இந்த ஊரில நிறையப் பேர் இரிக்காங்க. அதைத்தான் நான் எழுதப்போறன்."

றியாஸ் மெதுவாக உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை அவர் நிமிரவில்லை.

அன்றைக்கு அந்த ஊரில் விற்ற பிஸ்கட் பக்கெட்டுகளை யார் சாப்பிட்டார்களோ தெரியாது, எல்லாவற்றையும் யாரோ வாசித்திருக்கிறார்கள். அடுத்த நாள் ஹாஜியார் போன் எடுத்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேரன் ஒருவன் சீனிப் பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்லி, "இதுக்கு என்ன செய்யலாம் மெடம்?" என்று கேட்டார். குரலில் சபைத் தலைவர் இல்லை, ஒரு பாட்டன்தான் இருந்தார். கடிதத்தை அவர்கள் எழுத்தில் வாபஸ் வாங்கவும் இல்லை, அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

பணிப்பாளருக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். கடற்கரைப் பாடசாலையை மூடவேண்டாம், அங்கே ஐந்தாம் தரத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், பெரிய பாடசாலையில் தரம் ஒன்றுக்கு எடுக்கும் தொகையைக் குறைக்கவேண்டும் என்று எழுதினேன். முதலாவது கிடைத்தது. இரண்டாவதுக்கு நீண்ட நாள் அலைந்தேன். மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. பனரும் ஒவ்வொரு வருடமும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதில் யாரும் முழுசாக வெல்லவில்லை. நீங்களும் அப்படி எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

தம்பிமார், தங்கச்சிமார், ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒப்பிடச் சொல்லி அனுப்பும்போது உங்கள் கையில் சிலவேளை ஒரு பிள்ளையின் குறை வந்து சேரும். அதைத் தூக்கிக் காட்டினால் உங்கள் வாதம் ஒரு நிமிடத்தில் வெல்லும். அவசரமாகக் கேட்பார்கள், எல்லோரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை மறைத்து வைத்துவிட்டு, நீங்கள் கண்டுபிடித்த வழியை மட்டும் மேசையில் வையுங்கள். தகப்பன்மார் புத்தியுள்ளவர்கள், வீட்டுக்குப் போய்த் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். சுற்றுவழிதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தரம் ஒன்று அனுமதி நடக்கிற நாட்களில் றியாஸ் அலுவலகத்துக்கு வந்தார். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவர் ஓரமாக நின்று, கூட்டம் குறைந்த பிறகு என் மேசைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ரெண்டு பேரையும் கடக்கரையில சேர்த்திட்டன், மெடம். சின்னவவத் தரம் ஒண்டில. ஹனாவ நுஸ்ரிட வகுப்பில."

"நல்லம்."

"நீங்க அண்டைக்கே, எங்கட வளவிலயே கண்டீங்கதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் மெடம் சபையில செல்லல்ல? நான் அவ்வளவு பேருக்கு முன்னால எழும்பி நிண்டு கேட்டனே. செல்லியிரிந்தா உங்கட வேலை சுகமா முடிஞ்சிரிக்கும்."

"அவ என்னப் பார்த்தா, றியாஸ்."

அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, போடாமலே திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"இப்ப அவவும் விரல் வெச்சுத்தான் வாசிக்கிறா, மெடம்" என்றார். "நான் பக்கத்தில இருந்து புத்தகத்தப் பார்த்திட்டிரிக்கன்."